எலி இளைத்தது, இடுப்பு இளைக்கவில்லை

அந்தக் கட்டடத்தின் மாடியில் ஜிம். மாடிப்படிக்கு அடியில் டேப் அக்காவின் ஆல்டரேஷன் கடை. ஒரு தையல் மெஷின், துணி ஓரம் பிரியாமல் அடிக்க ஒரு ஓவர்லாக் மெஷின், ஒரு இஸ்திரிப் பலகை, ஆளுயரக் கண்ணாடி ஒன்று. இவ்வளவும் போக மிச்சமிருந்த இடத்தில் அக்கா ஒருத்திதான் நிற்க முடியும். வருகிறவர்கள் பாதி உடம்பைக் கடைக்குள்ளும் பாதி உடம்பை நடைபாதையிலும் வைத்துக்கொண்டுதான் அளவு கொடுப்பார்கள்.

அளவு டேப் எந்நேரமும் கழுத்தில் கிடக்கும். ஒருமுறை பல் டாக்டரின் நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டு படுத்த பிறகுதான், அதைக் கழற்றாமல் வந்துவிட்டது அவளுக்கே தெரிந்தது. டேப் அக்கா என்ற பெயர் வர வேறு காரணம் தேவைப்படவில்லை.

புதுத்துணி தைக்கிற வேலை அவளுக்கு இல்லை. தைத்ததைப் பிரித்து, பிடித்து, விட்டு, உடம்புக்குச் சரிக்கட்டுவதுதான் வேலை. இருபத்திரண்டு வருஷமாக அந்தத் தெருவின் இடுப்புகள் அத்தனையும் அவள் கை வழியாகத்தான் பெருத்தன, அபூர்வமாகச் சிறுத்தன. அளவெடுத்தால் நம்பரை வாய்விட்டுச் சொல்ல மாட்டாள். தடித்த நோட்டில் தேதி போட்டு எழுதி, அளவு கொடுத்தவருக்கு மட்டும் காட்டுவாள். "போன தடவை என்ன இருந்துச்சு?" என்று கேட்டால் பக்கத்தைத் திருப்பி விரலால் தொட்டுக் காட்டுவாள். அதைப் பார்த்துப் பெருமூச்சு விடாமல் போனவர்கள் குறைவு.

அவளுடைய கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஐம்பத்து நாலு வயது, சாதுவான மனிதர், டீயில் நாலு கரண்டி சர்க்கரை. அவருக்கு ஒரே தங்கை. நாற்பத்தாறு வயதாகியும் அவருக்கு இன்னும் "குட்டி"தான். அதனால் ஊருக்கே குட்டி. வருஷத்துக்கு ஒரு பொருள் விற்பது குட்டியின் வழக்கம். ஒரு வருஷம் தண்ணீர் ஃபில்டர். அடுத்த வருஷம் பாதத்தை அமுக்கிவிடுகிற மெஷின். அதற்கடுத்து காந்த மெத்தை. ஒவ்வொன்றும் அண்ணன் வீட்டுக்குத்தான் முதலில் வரும். காந்த மெத்தையில் படுத்த மூன்று நாளில் அண்ணனுக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. அப்போதும் அவர், "குட்டி கொடுத்ததாச்சே" என்று நாலாம் நாளும் அதிலேயே படுத்தார்.

இந்த முறை குட்டி கொண்டுவந்தது காப்ஸ்யூல். உள்ளே தங்க நிறத்தில் எண்ணெய். பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டி, "கொழுப்பைக் கொழுப்பாலேயே கரைக்கிறது அண்ணி!" என்றாள்.

"அது எப்படிம்மா கரையும்?"

"இது கொழுப்பு அமிலம் அண்ணி. ஒரு விதையோட எண்ணெயில இருந்து எடுக்கிறது. இது உள்ளே போனா, சேர்த்து வச்ச கொழுப்பை உடம்பே எரிச்சுடும். இந்தாங்க, பாருங்க."

நீட்டிய காகிதத்தில் இரண்டு எலிகள் அச்சாகியிருந்தன. ஒன்று தலையணை மாதிரி இருந்தது. இன்னொன்று ஓட்டப்பந்தயத்துக்குப் போகிற மாதிரி இருந்தது.

"எலிக்கு நல்லாத்தான் இருக்கு" என்றாள் அக்கா.

"எலிக்கு ஆனது மனுஷனுக்கு ஆகாதா? மேல ஜிம்முக்கு வர்றவங்க எல்லாம் உங்க கடை வாசலைத் தாண்டித்தான் போறாங்க. நாலு பாட்டில் உங்க மேஜையில இருந்துட்டுப் போகட்டும் அண்ணி."

நாத்தனார் கேட்டு மறுக்க முடியுமா? ஊசி டப்பாவை ஓரமாகத் தள்ளி நாலு பாட்டிலுக்கு இடம் கொடுத்தாள் அக்கா.

அந்த மாதமே அவள் கணவரின் கம்பெனியில் வருஷாந்திர ரத்தப் பரிசோதனை நடந்தது. டிரைகிளிசரைடு என்கிற ரத்தக் கொழுப்பு நூற்றைம்பதுக்குள் இருக்க வேண்டியது, அவருக்கு நானூற்று எண்பத்தாறு. கிளினிக் டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "இது இன்னும் ஏறினா கணையம் வீங்கி ஆஸ்பத்திரியில படுக்கணும், தெரியுமா?" என்று அதட்டினார். சர்க்கரையைப் பாதியாக்கச் சொன்னார். மீன் எண்ணெய்க் கொழுப்பு அமில காப்ஸ்யூல், காலையில் இரண்டு, மாலையில் இரண்டு என்று எழுதிக் கொடுத்தார். மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம் பார்க்க வேண்டும்.

அவர் காதில் "கொழுப்பு அமில காப்ஸ்யூல்" என்பது மட்டும்தான் ஏறியது. மருந்துக்கடைக்குப் போகிற வழியில் தங்கைக்குப் போன் போட்டார்.

"அட, அதுதானே அண்ணா என்கிட்ட இருக்கிறது! வீட்டுலயே மருந்தை வச்சுக்கிட்டு கடைக்குப் போவாங்களா?"

அவர் பாதி வழியிலேயே திரும்பிவிட்டார்.

அவர் மருந்துக்கடைக்குப் போகாமல் திரும்பியது அக்காவுக்குத் தெரியாது. பள்ளிக்கூடம் திறக்கிற நேரம். சீருடை பேண்ட்டும் பாவாடையும் மலை மாதிரி குவிந்து கிடந்தன. கணவர் காலையும் மாலையும் இரண்டு காப்ஸ்யூல் விழுங்குவதைப் பார்த்தாள். டாக்டரம்மா சொன்னதைக் கேட்டுச் சாப்பிடுகிறாரே என்று சந்தோஷப்பட்டாள். எந்தப் பாட்டில் என்று பார்க்கவில்லை.

இதற்கிடையில் மேஜையிலிருந்த பாட்டில்கள் போன வேகத்தைப் பார்த்து குட்டி ஒரு பெட்டியே இறக்கினாள். வாங்கியவர்கள் நம்பிக்கையோடு பேண்ட்டும் கொண்டுவந்தார்கள். முதலில் வந்தவர் பேங்க் கேஷியர்.

"இடுப்புல ரெண்டு இன்ச் பிடிச்சிடுங்க அக்கா."

அக்கா டேப்பைச் சுற்றிப் பார்த்தாள். போன வருஷம் என்னவோ அதேதான். நோட்டைக் காட்டினாள்.

"இப்போ அப்படித்தான் இருக்கும். மூணு வாரம்தானே ஆச்சு. இனிமே குறையப்போகுதுல்ல, அதுக்கு முன்கூட்டியே!"

அக்கா பிடித்துக் கொடுத்தாள். ஆனால் உள்ளே மடங்கிய துணியை வெட்டவில்லை. பத்து நாளில் கேஷியர் வயிற்றை எக்கிக்கொண்டு வந்து, "கொஞ்சம் விட்டுக் கொடுங்க அக்கா, உட்கார்ந்தா மூச்சு முட்டுது" என்றார். அப்படிப் பிடிக்கச் சொல்லி வந்தவர்கள் பதினோரு பேர். விடச் சொல்லி வந்தவர்கள் ஒன்பது பேர். பத்தாவது ஆள் உண்மையிலேயே இளைத்திருந்தான். அவன் தினமும் ஐந்து மைல் ஓடுகிறவன். பதினோராவது ஆள் திரும்பி வரவேயில்லை. வெட்கமாக இருந்திருக்கும்.

இதெல்லாம் கண்ணுக்கு நேராக நடந்தும் அக்கா வாயைத் திறக்கவில்லை. நாத்தனார் விவகாரத்தில் மூக்கை நுழைத்தால் வீட்டில் யார் தலை உருளும் என்பது அவளுக்குத் தெரியும்.

மூன்று மாதம் ஆனது. இந்தமுறை அக்காவும் கூடவே கிளினிக்குக்குப் போனாள். ரிப்போர்ட்டில் ஐந்நூற்று இரண்டு. டாக்டரம்மா காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மருந்து சாப்பிட்டீங்களா இல்லையா?"

"ஒரு வேளை விடலை டாக்டரம்மா."

"எந்தக் கம்பெனிது? பாட்டில் இருக்கா?"

அவர் பையிலிருந்து பாட்டிலை எடுத்து மேஜையில் வைத்தார். அக்கா அதை உற்றுப் பார்த்தாள். அவள் கடை மேஜையில், அவள் ஊசி டப்பாவுக்குப் பக்கத்தில், மூன்று மாதமாக நின்றிருந்த அதே பாட்டில்.

டாக்டரம்மா லேபிளைப் படித்தார். "இது நான் எழுதினது இல்லையே?"

"ரெண்டும் கொழுப்பு அமிலம்தானேன்னு…" என்று இழுத்தார் அவர்.

"உங்க தெருவுல ஒரே பேருல ரெண்டு பேர் இருந்தா, ஒருத்தர் சம்பளத்தை இன்னொருத்தர்கிட்ட கொடுத்துடுவீங்களா?" டாக்டரம்மா மருந்துச் சீட்டின் பின்பக்கம் ஒரு கல்லீரல் வரைந்தார். அது செருப்பு மாதிரி வந்தது. "இங்க பாருங்க. மிஞ்சுற கொழுப்பை எல்லாம் கல்லீரல் மூட்டை கட்டி ரத்தத்துல அனுப்பும். நீங்க நாலு கரண்டி சர்க்கரை போட்டா அதையும் கொழுப்பாக்கி மூட்டை கட்டிடும். மீன் எண்ணெய் அளவா உள்ளே போனா, கல்லீரல் மூட்டை கட்டுறதைக் குறைச்சுக்கும். ரத்தத்துல ஓடுறது குறையும். இந்தப் பாட்டில்ல இருக்கிறது வேற அமிலம். அது இந்த வேலையைச் செய்யாது."

அக்கா மெதுவாகக் கேட்டாள்: "இது உடம்பு இளைக்கிறதுக்குன்னு சொல்றாங்களே டாக்டரம்மா? எலி எல்லாம் இளைச்சுதாமே?"

"இளைச்சுது. பொய் இல்லை. ஆனா சில எலிகளுக்கு உடம்புல கரைஞ்ச கொழுப்பு கல்லீரல்ல போய் உட்கார்ந்துக்கிச்சு. அதைப் படத்துல போட மாட்டாங்க. மனுஷங்களுக்கு மாசக்கணக்கா கொடுத்தும் பார்த்திருக்காங்க. எடை மெஷின்ல முள்ளு அசைஞ்சுதா இல்லையான்னு கண்ணை இடுக்கிக்கிட்டுப் பார்க்கணும், அவ்வளவு கொஞ்சம்."

வீட்டுக்குப் போகிற வழியில் அக்கா கணவரைத் திட்டவில்லை. பதினோரு பேண்ட்டைப் பிடித்து ஒன்பதை விட்டவள் அவள்தானே. தெரிந்துகொண்டே பாட்டிலுக்கு இடம் கொடுத்திருந்ததை நினைத்தால் அவளுக்கே தன்மேல் எரிச்சலாக வந்தது.

மறுநாள் கடை திறந்த கையோடு மூச்சிரைக்க வந்து நின்றாள் குட்டி. "அண்ணி, ஞாயித்துக்கிழமை ஜிம் ஹால்ல பெரிய கூட்டம். காப்ஸ்யூல் கம்பெனியில இருந்து சார் வர்றார். எல்லார் முன்னாடியும் அளந்து காட்டணும். உங்க பேரை நோட்டீஸ்லயே போட்டுட்டேன். இருபத்திரண்டு வருஷ அனுபவம்னு!"

அக்கா நூல் சுற்றிக்கொண்டிருந்த பாபினைக் கீழே வைத்தாள். அண்ணனின் ரிப்போர்ட்டைப் பற்றிச் சொன்னாள். மூட்டை கட்டுகிற கல்லீரலைச் சொன்னாள், எலியைச் சொன்னாள், ஒன்பது பேண்ட்டைச் சொன்னாள். குட்டியின் முகம் சுருங்கியது.

"நான் எது வித்தாலும் உங்களுக்குக் குறைதான் அண்ணி."

"காந்த மெத்தைக்குக்கூட நான் எதுவும் சொன்னதில்லையே."

"அண்ணனுக்கு ஏன் ஏறிச்சுன்னு எனக்குத் தெரியாது. ஆனா நான் சாப்பிடுறேன், நான் இளைச்சிருக்கேன். எனக்கே தெரியுது. நடக்கும்போதே உடம்பு லேசா இருக்கு."

"சரி. ஞாயித்துக்கிழமை வர்றேன். மத்தவங்க நம்பர் அவங்கவங்களோடது, அதைச் சபையில சொல்ல மாட்டேன். நீ ஒருத்தி சம்மதிச்சா உன்னை அளக்கிறேன். ஆனா டேப் என்ன காட்டுதோ அதைத்தான் சொல்வேன். இப்பவே சொல்லிட்டேன்."

"அதான் எனக்கும் வேணும்!" என்று சொல்லிவிட்டுப் படியேறிப் போனாள் குட்டி.

ஞாயிற்றுக்கிழமை ஜிம் ஹாலில் மெஷின்களை ஓரம்கட்டிவிட்டு நாற்காலி போட்டிருந்தார்கள். அறுபது பேருக்குக் குறையாது. கம்பெனியிலிருந்து வந்த கோட்டுக்காரர் மைக்கைப் பிடித்து முக்கால் மணி நேரம் பேசினார். குட்டி புதுத்துணி போட்டு, நெஞ்சில் கம்பெனி பேட்ஜ் குத்தி, சிரித்த முகமாக மேடையேறினாள். அக்கா டேப்பும் நோட்டுமாகப் போய்ப் பக்கத்தில் நின்றாள். கோட்டுக்காரர் குனிந்து அவள் காதில் கிசுகிசுத்தார்: "கொஞ்சம் இறுக்கிப் பிடிங்க மேடம்."

"டேப்பை இறுக்கினா ஆளுக்குத்தான் வலிக்கும் சார், நம்பர் ஒண்ணும் இளைக்காது" என்றாள் அக்கா. மைக் பக்கத்தில் இருந்ததால் அது கடைசி வரிசை வரை கேட்டது.

அளந்தாள். ஒருமுறை பார்த்தாள், மறுமுறையும் பார்த்தாள். நோட்டில் குட்டியின் பக்கத்தைத் திறந்து காட்டினாள். "மூணு மாசத்துக்கு முன்னாடி முப்பத்தாறு. இப்போ முப்பத்தாறரை."

மூன்றாவது வரிசையிலிருந்து பேங்க் கேஷியர் குரல் வந்தது: "அப்பாடா! நான் மட்டும்தான்னு இத்தனை நாள் நினைச்சிட்டு இருந்தேன்!" கூட்டம் கொல்லென்று சிரித்தது.

குட்டி சிரிக்கவில்லை. டேப்பின் நுனியைத் தானே பிடித்து நம்பரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோட்டுக்காரர் மைக்கை வாங்கி, கொழுப்பு போய்த் தசை வந்திருக்கிறது, அதனால்தான் அளவு கூடியிருக்கிறது என்று ஆரம்பித்தார்.

"சார்" என்றாள் குட்டி. "அந்தப் படத்துல இருக்கிற எலிக்குக் கல்லீரல் என்னாச்சு சார்?"

"அதெல்லாம் இங்க பேசுற விஷயம் இல்லைம்மா."

"நான் நூத்துக்கும் மேல பாட்டில் வித்திருக்கேன் சார். என் அண்ணன் மூணு மாசம் சாப்பிட்டிருக்கார். இங்க பேசாம எங்க பேசுறது?"

"உட்காரும்மா. உனக்குச் சொன்னாலும் புரியாது."

குட்டியை யாரும் அப்படிப் பேசியதில்லை. அவள் பேட்ஜைக் கழற்றினாள். ஊக்கு துணியில் மாட்டிக்கொண்டதால் கொஞ்சம் நேரமாயிற்று. அக்கா கைகொடுத்தாள். பேட்ஜை மேஜைமேல் வைத்துவிட்டு இரண்டு பேரும் படியிறங்கினார்கள். கீழே கடைக்குள் இரண்டு பேர் நிற்க இடமில்லை; அக்கா வெளியே நடைபாதையில் நின்றுகொண்டாள், குட்டி உள்ளே ஸ்டூலில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினாள்.

"நிஜமாவே இளைச்ச மாதிரிதான் இருந்துச்சு அண்ணி."

"இருக்கும்மா. நம்பிக்கையா நடந்தா எல்லாருக்கும் லேசாத்தான் இருக்கும்."

அடுத்த மூன்று வாரம் குட்டி வீடு வீடாகப் போனாள். யார் யாருக்கு விற்றாளோ அவர்களிடமெல்லாம், "இதை நம்பி மருந்தை நிறுத்திடாதீங்க. ஏற்கெனவே வியாதி இருந்தா டாக்டரைக் கேளுங்க" என்று சொன்னாள். மீதியிருந்த பாட்டில்களைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். இரண்டு வீட்டில் கதவைச் சாத்தினார்கள். ஒரு வீட்டில் உட்காரவைத்து டீ கொடுத்து, தண்ணீர் ஃபில்டர் இன்னும் நன்றாக ஓடுகிறது என்று சொல்லி அனுப்பினார்கள். அதை மட்டும் அவள் அண்ணியிடம் மூன்று தடவை சொன்னாள்.

அண்ணன் இப்போது சரியான காப்ஸ்யூலுக்கு வந்தார். ஆனால் அவசரத்தில் வெறும் வயிற்றில் விழுங்கிவிட்டு வேலைக்குப் போனார். மீன் ஏப்பம் பிடித்துக்கொண்டது. அவர் வேலையோ நாலு சுவருக்குள். கதவு மூடிய லிஃப்ட்டில் ஒரு ஏப்பம் விட்டால் ஏழு மாடிக்கும் அது கூடவே வரும். ஆபீஸ் கட்டடத்தில் ஒரு அம்மாள் ஏறியதும் மூக்கைச் சுருக்கி, "யாரோ மீன் வாங்கிட்டுப் போயிருக்காங்க" என்றாள். அவர் பயபக்தியோடு, "ஆமாங்க, இப்போதான் இறங்கினார்" என்றார். டாக்டரம்மாவிடம் போய் அழாத குறையாகச் சொன்னபோது, "சாப்பாட்டுக்கு நடுவுல போடுங்க" என்று ஒரே வரியில் தீர்த்து வைத்தார். ஏப்பம் நின்றது. டீயில் சர்க்கரையும் நாலிலிருந்து ஒன்றுக்கு இறங்கியது. அதற்கு அக்கா கரண்டியையே மாற்ற வேண்டியிருந்தது.

மூன்று மாதம் கழித்து ரிப்போர்ட்டில் முந்நூற்றுப் பதினெட்டு. அவர் கிளினிக்கிலேயே எழுந்து நின்றுவிட்டார். வீட்டுக்கு வந்ததும் கைகளைத் தூக்கிக்கொண்டு, "இடுப்பை அளந்து பாரு" என்றார்.

அக்கா அளந்தாள். நாற்பது. முன்பும் நாற்பதுதான்.

"என்னடி இது? அவ்வளவு கொழுப்பு குறைஞ்சிருக்கு, ஒரு இன்ச்கூடக் குறையலையே?"

"அது ரத்தத்துல ஓடுறதுங்க. இது உட்கார்ந்திருக்கிறது. காப்ஸ்யூல் ஓடுறதைத்தான் பார்த்துக்குமாம்."

"அப்போ உட்கார்ந்திருக்கிறதை யாரு பார்த்துக்கிறது?"

"நீங்கதான்."

அந்தப் பதில் அவருக்குப் பிடிக்கவில்லை. முந்நூற்றுக்கு வந்துவிட்டோமே, இனி மருந்து எதற்கு என்று தானாகவே நிறுத்தினார். சர்க்கரைக் கரண்டியும் பழைய அளவுக்குப் போனது. அடுத்த ரத்தப் பரிசோதனையில் நானூற்று நாற்பது. டாக்டரம்மா இந்த முறை படம் வரையவில்லை, கையெடுத்துக் கும்பிட்டார். "சாப்பிடுற வரைக்கும்தான் அது வேலை செய்யும் சாமி. ஒருநாள் வீட்டைக் கூட்டிட்டு, வீடு சுத்தமாயிடுச்சுன்னு துடைப்பத்தைத் தூக்கிப் போட்டுடுவாங்களா? அதோட தினமும் அரை மணி நடங்க. அதுக்கு மாத்திரை இல்லை."

மறுபடி தொடங்கினார். ஒழுங்காகச் சாப்பிட்டார், முந்நூற்றுக்குக் கீழே இறங்கி அங்கேயே நின்றது.

குட்டி அந்த வருஷம் வேறு எதையும் விற்கவில்லை. சும்மாவும் இருக்க முடியவில்லை. சனிக்கிழமைகளில் அண்ணியின் கடை வாசலில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, துணி வாங்கிச் சீட்டு எழுதிக் கொடுக்க ஆரம்பித்தாள். பேச்சுக்குக் கேட்க வேண்டுமா? ஒரு பேண்ட்டின் கால் மடிப்புக்கு வந்தவர் மூன்று பேண்ட்டும் மாமியாரின் கோட்டும் கொண்டுவந்தார். அக்காவுக்கு இரண்டாவது மெஷின் வாங்க வேண்டியதாயிற்று. அதை எங்கே போடுவது என்று இன்னும் இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

டாக்டரம்மா சொன்ன அரை மணி நடைக்கு அண்ணன் ஒரு வழி கண்டுபிடித்தார். வேலைக்குப் போகிற கட்டடங்களில் லிஃப்ட்டில் ஏறாமல் படியில் ஏறத் தொடங்கினார். முதல் நாளே வம்பு வந்தது. கையில் கருவிப் பையோடு லிஃப்ட் மெக்கானிக்கே படியில் மூச்சு வாங்க ஏறி வருவதைப் பார்த்து, நாலாம் மாடி ஆபீஸ்காரர்கள் லிஃப்ட் பக்கமே போகவில்லை. ஆறாம் மாடியில் ஒருவர் மேனேஜருக்குப் போன் போட்டுவிட்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு மாடி ஏறியதும் கைப்பிடியைப் பிடித்து நின்று, மூச்சை இழுத்து, "லிஃப்ட் நல்லா இருக்குங்க, எனக்குத்தான் ரிப்பேர்!" என்று உரக்கச் சொல்லிவிட்டுத்தான் அடுத்த மாடிக்குப் போகிறார்.